குளிரில் உட்காரும் வண்டிகள்

கல்கத்தாவில் குளிர்காலத்தை எதிர்பார்த்து வருஷம் முழுக்க ஜனங்கள் காத்திருப்பார்கள். ஏர் சஸ்பென்ஷன் ரிப்பேர் பார்க்கிறவர்கள் மட்டும் அது வராமலே போனால் தேவலை என்று நினைப்பார்கள்.

நான் டாலிகஞ்சில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் அட்வைசராக இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் சேர்ந்தேன், அடுத்த பத்து வருஷத்தில் பெரும்பகுதி அங்கேதான் போயிற்று. வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டு மெக்கானிக்குக்குப் புரியும்படி சொல்வதும், மெக்கானிக் சொல்வதை வாடிக்கையாளருக்குக் கோபம் வராதபடி சொல்வதும்தான் வேலை. காலையில் முதல் போனை எடுக்கிற உத்தியோகம் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம். நீங்களும் என் ஜாதிதான்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண வண்டியில் சக்கரத்துக்கு மேலே இரும்பு ஸ்பிரிங் இருக்கும். சில சொகுசு கார்களிலும் பஸ்களிலும் அதற்குப் பதில் ரப்பர் பை இருக்கும். நாங்கள் அதை பலூன் என்போம். கம்ப்ரஸர் காற்றை அடைத்து அந்தப் பையை நிற்க வைக்கிறது. பள்ளம் மேடு தெரியாது, தூக்கம் வரும். ஆனால் குளிர் வந்தால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும், ரப்பர் விறைக்கும், காற்றோடு வந்த ஈரம் எங்கேயாவது போய் அடைத்துக்கொள்ளும். ராத்திரி நிமிர்ந்து நின்ற வண்டி விடிகாலையில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கும். உடனே எனக்கு போன் வரும்.

சோப்புத் தண்ணீர்

சால்ட் லேக்கில் டாக்டர் சென்குப்தா என்று ஒருவர். ரிட்டையர் ஆனவர். மகன் வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த காரை அப்பாவிடம் விட்டுவிட்டு டெல்லிக்குப் போய்விட்டான். டிசம்பர் பிறந்ததும் அந்தக் கார் தினமும் காலையில் முன்பக்கம் இடது மூலையில் தாழ்ந்து நின்றது. டாக்டர் ஓட்டிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும், காரும் நிமிர்ந்துவிடும். எங்கள் தலைமை மெக்கானிக் நிமாய்தா எத்தனை தடவை பார்த்தும் ஒரு கசிவும் அகப்படவில்லை.

டாக்டர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார். எதிர்வீட்டு தத்தாவின் மகன்தான் ராத்திரியில் காற்றைப் பிடுங்கிவிடுகிறான் என்று. தத்தாவும் இவரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள், சாயங்காலமானால் சேர்ந்து சதுரங்கம் ஆடுகிறவர்கள். துர்கா பூஜை சமயத்தில் கார் நிறுத்துகிற இடத்துக்காக ஒரு சின்ன வாக்குவாதம் வந்திருந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு, காலேஜில் படிக்கிற அந்தப் பையனை நடுத்தெருவில் நிறுத்தி, நாலு பேர் எதிரில் திருடன் என்கிற மாதிரி பேசிவிட்டார். தத்தா மகனைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாராம். அதன் பிறகு சதுரங்கம் இல்லை, பேச்சும் இல்லை.

இனி காரை எங்களிடம் கொண்டுவர வேண்டாம், நாங்களே வருகிறோம் என்று சொல்லி, ஒரு நாள் பனி விலகுவதற்கு முன்பு நிமாய்தாவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். குளிரில் விறைத்திருந்த பலூன் மேல் நிமாய்தா சோப்புத் தண்ணீரை ஊற்றினார். ரப்பர் மடிகிற இடத்தில் ஒரு கோடாக நுரை பொங்கியது. வெயில் பட்டு ரப்பர் இளகினால் மூடிக்கொள்கிற வெடிப்பு, குளிரில் வாயைத் திறந்துகொள்கிறது. டாக்டர் குனிந்து வெகுநேரம் அந்த நுரையைப் பார்த்தார். எதிர் பால்கனியில் தத்தா சால்வை போர்த்திக்கொண்டு டீயோடு நின்றிருந்தார். அவரும் பார்த்தார். நான் மெதுவாக, அப்படியென்றால் பையன் மேல் தப்பில்லை டாக்டர் என்றேன்.

"தெரியுது. ஆனா அந்தப் படியேறிப் போக எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடும்மா. அதுவரைக்கும் நீ இந்த நுரையைத் துடைக்காம அப்படியே விட்டு வை, தத்தா நல்லாப் பார்க்கட்டும்."

மப்ளர்

மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு போன டூரிஸ்ட் பஸ் ஒன்று, போகிற வழியில் எங்கள் வாசலில் வந்து நின்றது. பஸ் இடது பக்கம் சாய்ந்திருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா ஏற்கெனவே தன்னால் ஆனதைச் செய்திருந்தார்: உடம்பு கனத்த உறவினர்களை எல்லாம் வலது பக்கத்து இருக்கைகளுக்கு மாற்றியிருந்தார். அதில் இரண்டு அத்தைகளுக்கு வருத்தம். டயர் பஸ்ஸின் அடிப்பாகத்தில் உரசிப் புகைவாசனை வர ஆரம்பித்திருந்தது. சாயங்கால முகூர்த்தம், பெண் வீடு ஊருக்கு அந்தக் கோடியில். மாப்பிள்ளை பட்டு வேட்டியும் நெற்றி நிறையச் சந்தனமுமாக ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரையும் பார்க்க அவருக்குத் தெம்பில்லை என்று தோன்றியது.

நிமாய்தா கீழே படுத்துப் பார்த்தார். காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்து வெளியே தள்ளுவதற்கு டிரையர் என்று ஒரு டப்பா உண்டு. அவ்வப்போது புஸ்ஸென்று ஒரு சத்தம் போட்டு அது தண்ணீரைத் துப்பும். அந்த டப்பாவைச் சுற்றிப் பச்சைக் கம்பளி மப்ளர் ஒன்று இறுக்கக் கட்டி முடிச்சுப் போட்டிருந்தது. துப்ப வழியில்லாத தண்ணீர் எண்ணெயோடு கலந்து, குளிருக்குக் கஞ்சி மாதிரி கெட்டியாகி வால்வில் போய் அடைத்திருந்தது. மப்ளரை அவிழ்த்து, காற்றைச் சேர்த்து வைக்கிற டேங்கைத் திறந்து வடித்தோம். பால் காபி நிறத்தில் கொட்டியது. வால்வைக் கழற்றிக் கழுவிப் போட்டதும் பஸ் மூச்சு விட்டுக்கொண்டு நிமிர்ந்தது. உள்ளே இருந்த பெண்கள் குலவையிட்டார்கள். அத்தைகள் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். மாப்பிள்ளை நேரத்தோடு போய்ச் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த மப்ளர் பஸ் டிரைவர் ஹரிபதோவுடையது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் மப்ளரை வாங்கி உதறி, எண்ணெய்க் கறையைப் பார்த்து வருத்தப்பட்டார். திதி, அதாவது அக்கா, என்றுதான் அங்கே எல்லாரும் என்னைக் கூப்பிடுவார்கள்.

"திதி, நாலு நாளா அது விடாமத் தும்முது. தும்முற பிள்ளைக்கு மப்ளர் கட்டாத வீடு கல்கத்தாவுல எங்கேயாவது இருக்கா?"

பூமி இறங்கிய காட்சி

டாலிகஞ்ச் ஸ்டுடியோக்காரர்களிடம் ஒரு பழைய இம்போர்ட்டட் கார் இருந்தது. ஏர் சஸ்பென்ஷன் என்பதால் ஆட்டம் குறைவு. அதன் மேல் காமிராவை வைத்துப் படம் எடுப்பார்கள். ஜனவரியில் ஏரிக்கரைப் பனியில் ஒரு விடிகாலைக் காட்சி. கதாநாயகி திரும்பிப் பார்க்காமல் நடந்து போக வேண்டும், கதாநாயகன் நின்று பார்க்க வேண்டும். பனி சரியாக அமைவதற்காக வெகுநேரம் காத்திருந்தார்கள். சத்தம் வரக் கூடாது என்று கார் இன்ஜினை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒருவழியாகக் காமிரா ஓடும்போது கார் மெல்ல, ஒரே சீராக, கீழே இறங்க ஆரம்பித்திருக்கிறது. காமிராக்காரர் காமிராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு எனக்கு போன் செய்தார். நிமாய்தாவையும் அழைத்துக்கொண்டு ஆட்டோவில் ஓடினேன். அன்றைய படப்பிடிப்பு வீணாகிவிடும், ஏரிக்கரைக்கு மறுபடி அனுமதி கிடைக்காது என்று உதவியாளர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

டைரக்டர் மட்டும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, எடுத்ததைச் சின்ன மானிட்டரில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமாய்தா டூல் பாக்ஸைத் திறந்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அவ போயிட்டா. அவனுக்குக் காலுக்கடியில பூமி இறங்குது. ஒரு வாரமா நடிகர்கிட்ட நான் கேட்டது இதைத்தான், கார் குடுத்திருக்கு. யாரும் அதைத் தொடாதீங்க."

கோயம்புத்தூர்க்காரர்

செக்டர் ஃபைவில் ஐ.டி. வேலைக்கு வந்த ஒருவர், ஊரிலிருந்து தன் காரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். தினமும் காலையில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது, கோயம்புத்தூரில் ஒரு நாளும் எரிந்ததில்லை, லாரிக்காரர்கள் ஏதோ செய்துவிட்டார்கள் என்று போனில் புலம்பினார். நான் தமிழில் பதில் சொன்னதும் அவருக்கு வந்த ஆறுதலைப் பார்த்தால், கார் பாதி சரியாகிவிட்ட மாதிரி இருந்தது. கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். எங்கும் கசிவு இல்லை, லாரிக்காரர்களும் ஒன்றும் செய்யவில்லை. ராத்திரிக் குளிருக்குக் காற்று சுருங்குகிறது, அவ்வளவுதான். இன்ஜினைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்திருங்கள், அது தானாக எழுந்து நின்று விளக்கை அணைக்கும், அதன் பிறகு கிளம்புங்கள் என்றேன். நம்புவாரோ மாட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்தான். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"நியாயந்தானுங்க. இந்த ஊர்க் குளிருக்குக் காபி குடிக்காம நானே எந்திரிக்கறதில்லீங்க, அதைப் போயி என்னன்னு வையறது?"

கண் ஆஸ்பத்திரி பஸ்

ஒரு தர்ம ஸ்தாபனம், ஒரு பஸ்ஸையே ஆபரேஷன் தியேட்டராக மாற்றி ஊர் ஊராகக் கண் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தது. உள்ளே மைக்ராஸ்கோப் போன்ற நுட்பமான கருவிகள் இருந்ததால் ஏர் சஸ்பென்ஷன். அந்த வருஷம் குளிர்காலத்தில் காலிம்போங்குக்கு மேலே ஒரு மலைக் கிராமத்துக்குப் போக முடிவு செய்தார்கள். வழியில் ஏதாவது ஆனால் கவனிக்க நிமாய்தாவையும் என்னையும் கூட்டிப் போனார்கள். கல்கத்தாவில் டேங்கைச் சுத்தமாக வடித்துவிட்டுத்தான் புறப்பட்டோம். ஆனால் சமவெளியின் ஈரக் காற்றைக் குடித்துக்கொண்டேதான் பஸ் மலையேறியது.

மறுநாள் காலை, பள்ளிக்கூட மைதானத்தில் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல் வெளுத்திருந்தது. பஸ் பின்பக்கம் வலது மூலையில் உட்கார்ந்திருந்தது. மானியில் பிரஷர் முழுதாகக் காட்டியது, ஆனால் காற்று அந்தப் பலூனுக்குப் போய்ச் சேரவில்லை. குழாய்க்குள் தண்ணீர் பனிக்கட்டியாகியிருந்தது. நிமாய்தா டீக்கடையிலிருந்து கெட்டில் நிறைய வெந்நீர் வாங்கி வந்து வால்வின் மேல் ஊற்றினார். பஸ் எழுந்தது. மைதானத்தில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த நோயாளிகள் கை தட்டினார்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து முந்தின நாளே நடந்து வந்தவர்கள் அவர்கள்.

முதல் நோயாளி தாவா என்ற தையல்காரர். ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதால் கடையைப் பூட்டியிருந்தவர். அவரைப் படுக்க வைத்து, கண்ணில் மருந்து விட்டு, டாக்டர் லாஹிரி கையுறை மாட்டிக்கொண்டு மைக்ராஸ்கோப்பை நேராக்கியிருக்கிறார். அந்தச் சமயம் பார்த்து மலைக்கு மேலே சூரியன் வந்தது. வேறெங்கோ அடைத்திருந்த பனி இளகி, காற்று ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, பஸ்ஸின் பின்பக்கம் குலுக்கலோடு எழும்பியது. கருவித் தட்டு சரிந்து விழுந்த சத்தம் வெளியே எங்களுக்குக் கேட்டது.

டாக்டர் லாஹிரி முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு படியில் வந்து நின்றார். கத்தி இன்னும் கண்ணைத் தொடவில்லை என்று முதலில் சொன்னார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இது மறுபடி நடக்குமா என்று கேட்டார். நடக்காது என்று உத்தரவாதம் தர முடியாது என்றேன். அப்படியானால் எல்லாரையும் திருப்பி அனுப்ப வேண்டியதுதான், அடுத்த முகாம் எப்போது என்று எனக்கே தெரியாது என்றார். நிமாய்தா இன்னொரு கெட்டிலுக்குப் போகத் திரும்பினார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். வெந்நீர் ஊற்றினால் அதுவும் சேர்ந்து உறையும், திரும்ப இளகும், திரும்பக் குலுக்கும்.

கம்பளிக்குள்ளிருந்து அத்தனை பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் அவர்களுக்குப் புரிந்துவிட்டது, ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. காற்றை வேலை செய்ய வைக்கத்தான் காலையிலிருந்து பாடுபட்டுக்கொண்டிருக்கிறோம், காற்றே இல்லாவிட்டால் என்ன என்று அப்போது தோன்றியது. பஸ் இன்றைக்கு எங்கேயும் போகப் போவதில்லை. பஸ்ஸாக இருக்க வேண்டாம், வீடாக இருந்தால் போதும். நிமாய்தாவிடம் சொன்னேன். அவர் உடனே ஜாக்கிகளை எடுக்கப் போனார்.

பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் பக்கத்து மரக்கிடங்கைத் திறந்துவிடச் சொன்னார். நோயாளிகளோடு வந்திருந்த ஆண்கள் கட்டைகளைத் தோளில் சுமந்து வந்தார்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் நாலு மூலையிலும் கட்டைகளை அடுக்கினோம். குழாய்களைக் கழற்றிக் காற்றை முழுக்க வெளியேற்றினோம். பஸ் இறங்கிக் கட்டையின் மேல் திடமாக உட்கார்ந்தது. டாக்டர் லாஹிரி ஆபரேஷன் மேஜை மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு, நிமாய்தாவைப் படியில் ஏறி இறங்கச் சொன்னார். தண்ணீர் அசையவில்லை. வேறொன்றும் கேட்காமல் கை கழுவப் போனார். தாவாவைத்தான் மறுபடி முதலில் படுக்க வைத்தார்கள். அன்று வெளிச்சம் இருக்கிறவரை ஆபரேஷன் நடந்தது, யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

சாயங்காலம் ஒரு கண்ணில் கட்டோடு தாவா வகுப்பறைப் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். காலையில் பஸ் குலுங்கியபோது ரொம்பப் பயந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"இல்லை திதி. கண்ணுல சொட்டு மருந்து விட்டாங்க, உடனே பூமி ஆடிச்சு. ரொம்ப நல்ல மருந்துதான்னு நினைச்சுக்கிட்டேன்."

பூனைக்காக இல்லை

எங்கள் லேக் கார்டன்ஸ் தெருவில் ராமநாதன் சார் இருந்தார். கல்கத்தாவிலேயே பிறந்து, பாங்கில் ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனவர். மகள் சுமதிக்கு அவள் கம்பெனி ஒரு பெரிய கார் கொடுத்திருந்தது. தெருப்பூனை ஒன்றுக்கு சுமதி மீன் வைப்பாள். அது காரின் பானெட்டில் ஏறிக் கீறல் போடுகிறது, தவிர நம் வீட்டு வாசலில் மீன் என்ன மீன் என்று ராமநாதன் சாருக்கு அதன் மேல் தீராத கோபம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுமதி பாதி வங்காளமும் பாதித் தமிழுமாக போனில் அழுதாள். கார் உட்கார்ந்துவிட்டது, அடியில் பூனை. போய்ப் பார்த்தேன். இன்ஜின் சூட்டுக்காக அடியில் போய்ப் படுத்திருக்கிறது. குளிருக்குக் கார் தாழ்ந்ததும் நடைபாதை விளிம்புக்கும் காருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. இன்ஜினைப் போட்டால் கார் எழுந்துவிடும் என்று தெருவே யோசனை சொன்னது. பின்பக்கம் முதலில் எழுந்தால் முன்பக்கம் இன்னும் அழுந்தும், யாரும் சாவியைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஜாக்கியை வைத்தேன். நான் திருகத் திருக, ராமநாதன் சார் தெருவில் குப்புறப் படுத்து, எவ்வளவு இடம் கிடைத்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போதுமான இடம் கிடைத்ததும் பூனை வெளியே வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காலை நக்கியது.

காரின் வால்வை அந்த வாரமே மாற்றிக் கொடுத்தோம். அதற்குப் பிறகும் காலையில் நான் வேலைக்குப் போகும்போது, ராமநாதன் சார் குரங்குத் தொப்பியோடு, வலிக்கிற முழங்காலைத் தரையில் ஊன்றி, டார்ச் அடித்துக் காரின் அடியில் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் நின்று, பூனை இருக்கிறதா சார் என்று கேட்டேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு எழுந்தார்.

"பூனைக்காக இல்லேம்மா. நீ மாத்தின வால்வு ஒழுங்கா வேலை செய்யறதான்னு பார்க்கறேன்."

மாசி பிறந்து வெயில் ஏறினால் பாதி வண்டிகள் யாரும் தொடாமலே எழுந்து நின்றுவிடும், நாங்கள்தான் சரிசெய்தோம் என்று ஜனங்கள் சொல்கிற அந்த நல்ல பெயரை வேண்டாமென்று சொல்லத் தொழிலில் யாருமே எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.